சுமப்பவர் இசைந்தால் போதுமா?

தமக்கு நேரக்கூடிய கேட்டுக்குத் தொழிலாளி இசைந்துவிட்டால் முதலாளியின் பொறுப்பு நீங்குமா என்னும் வினாவை, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பாகிய தல்மூது, ‘பாபா மெட்சியா’ என்னும் பகுதியில் சுமைதூக்குபவரை முன்னிறுத்தி ஆராய்கிறது. அவரது சுமையோடு ஒரு ‘கவ்’, அதாவது சிறிய முகத்தலளவை ஒன்று, மிகுதியாக ஏற்றப்பட்டால் ஏற்றியவரே தீங்குக்குப் பொறுப்பாளி என்பது விதி. அறிவுள்ள மனிதர் பாரத்தைக் கீழே எறிந்திருக்கலாமே என்ற தடை அங்கேயே எழுகிறது. பாரம் அக்கணமே அவரை வீழ்த்திவிட்ட நிலையையே விதி குறிக்கிறது என்கிறார் தல்மூது அறிஞர் அபாயே; தம் உடல் தளர்ந்ததாகவே சுமப்பவர் எண்ணியிருப்பார் என்கிறார் மற்றோர் அறிஞர் ரவ் ஆஷி. இரண்டாம் விடையே ஆழமானது. ஏனெனில், ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறுபவர், முழங்கால் நடுங்கும்போது மூட்டையைக் குறை கூறாமல் தம் வலிமையையே ஐயுறுகிறார். அத்தகைய ஐயத்தில் பிறந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அநீதி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டு உடன்படிக்கையும், உடல்நலத்துக்குக் கேடான பாரத்தைச் சுமக்கும்படி ஏவுவதை மட்டுமன்றி, சுமக்க அனுமதிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது.