தவறி வந்த பணம்

கைப்பேசி வழியே நொடியில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை நம் நாட்டில் 2016-ல் வந்தது. பெட்டிக்கடை முதல் ஜவுளிக்கடை வரை இன்று அதில் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. வசதிதான். ஆனால் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், பணம் முன்பின் அறியாதவர் கணக்கில் போய் விழுகிறது. அவர் சம்மதமில்லாமல் வங்கி அதைத் திருப்பி எடுப்பது எளிதன்று.

அப்படி நம் கணக்கில் விழுந்த பணம் யாருடையது? “நாம் திருடவில்லையே, தானாக வந்ததுதானே!” என்று மனம் சமாதானம் சொல்லும். வழியில் கிடந்த பணப்பைக்கு உரியவரைத் தேட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். இதற்கும் அதுவே பொருந்தும். அது பிறர் ஹக்கு. நம்மிடம் உள்ள அமானிதம்.

“தவறி அனுப்பிவிட்டேன், திருப்பித் தாருங்கள்” என்று பொய்க் குறுஞ்செய்தி காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பணப்பையையும் அடையாளம் கேட்டுத்தானே கொடுக்கிறோம்? எனவே சகோதரர்களே, முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். பணம் வந்திருந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வங்கி வழியாகவே திருப்புங்கள். கேட்பவரெல்லாம் உரியவர் அல்லர்.

உரியவர் கேட்கவே இல்லை என்றாலும் கடமை தீராது. வங்கி ஏட்டில் அது வரவாக நிற்கலாம். மறுமையில் நாம் பதில் சொல்ல வேண்டிய கடன் அது.