எங்கே என்பது ஏன் ஆகாது

ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போய் ஈரலை ஸ்கேன் எடுத்தவர் முதலில் கேட்பது இதைத்தான்: "கேன்சர்னு எப்படி டாக்டர் சொல்றீங்க?"

மற்ற புற்றுநோய்களைப் பெரும்பாலும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்கிறார்கள். ஈரல் சுருங்கிப்போனவருக்கு, பல நேரம் படத்தை வைத்தே முடிவு சொல்லிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. நல்ல ஈரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் சிரை வழியே வருகிறது. புற்றுக்கட்டி பெரிதும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. அதனால் நரம்பில் மருந்து ஏற்றியதும் கட்டி பளிச்சென்று தெரியும், பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிவிடும். 2011இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வெளியிட்ட லை-ராட்ஸ் முறை இந்த அடையாளங்களை வரிசைப்படுத்தியது. ஒரு டாக்டர் சொன்னதை இன்னொருவர் அதே படத்தைக் காட்டி மறுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு 'புற்று' என்று மட்டும் சொன்னால் எதை மறுப்பது? 2017இல் வந்த கிராட்-கேம் போன்ற உத்திகள், கருவி எங்கே பார்த்தது என்று படத்தின்மேல் சிவப்பு பூசிக் காட்டுகின்றன. ஏன் என்று சொல்வதில்லை. சரியான இடத்தைப் பார்த்து, தப்பான காரணத்தாலும் முடிவுக்கு வரலாமே!

மயக்க மருந்து வேலை செய்யும் விதமும்தான் முழுசாகத் தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் நோயாளி மயங்கினாரா என்பது கண்முன்னே தெரிந்துவிடும். இங்கே துணுக்கும் எடுக்கவில்லை. படம் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியை டாக்டர் குறுக்கு விசாரணை செய்ய முடிய வேண்டும். கட்டி எப்போது பளிச்சிட்டது, எப்போது மங்கியது என்று அவர் பாஷையிலேயே கருவி சொல்லட்டும். மறுக்க வழியில்லாமல் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?