நிற்கும் காரின் செலவு

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த முடிவை இப்போதாவது எடுத்துவிடலாம் என்று எத்தனையோ நடுத்தரக் குடும்பங்கள் எண்ணியிருக்கும். விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் கார் வாங்கலாமா, வேண்டாமா என்பதை ஷோரூம் விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் திடமான எண்ணம். பெட்ரோல் விலையை வைத்தும் கூடாது. இந்த இரண்டையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். காரின் பெருஞ்செலவோ அது ஓடும்போது வருவதில்லை. வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போது வருகிறது.

சென்னையில் ஷோரூம் விலை 7 லட்சம் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம். அதனுடன் பதிவுக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தால் சாலைக்கு வரும்போது விலை எட்டரை லட்சத்தைத் தொட்டுவிடும். முன்பணம் போக 6.8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 14,100 ரூபாய் வரும். வட்டி மட்டுமே 1.67 லட்சம். இனி தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் அட்டவணைப்படி, ஆறு மாதம் தாண்டிய காரின் மதிப்பில் 15 சதவீதம் கழிக்கப்படுகிறது. நான்கு ஆண்டு தாண்டினால் பாதி. ஐந்தாம் ஆண்டு முடிவில் மூன்றரை லட்சத்துக்கு விற்றதாக வைத்தால் 5 லட்சம் கரைந்திருக்கும். காப்பீட்டைப் புதுப்பிக்கவும் சர்வீஸுக்கும் டயருக்கும் ஆண்டுக்கு 20,000 என்றால் இன்னொரு லட்சம். ஆக மொத்தம் 7.67 லட்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 12,800 ரூபாய், நாளுக்கு 425. சாவியைத் தொடாத நாளிலும் இந்த 425 ரூபாய் போய்க்கொண்டே இருக்கிறது.

இதற்கு மேல்தான் பெட்ரோல். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டில் அது 3,300 ரூபாய் ஆகலாம். மொத்தச் செலவு 16,000. கிலோமீட்டருக்கு 32 ரூபாய். கால் டாக்ஸிக்குக் கிலோமீட்டருக்கு 22 ரூபாய் என்று வைத்தால் அதே பயணம் 11,000 ரூபாயில் முடிந்துவிடும். மாதம் 850 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சொந்தக் கார் மலிவாகத் தொடங்கும். வாங்கிய பிறகு இந்தக் கணக்கு கண்ணில் படுவதில்லை. தவணை வங்கியிலிருந்து தானாகப் போய்விடுகிறது. கையிலிருந்து கொடுப்பது பெட்ரோலுக்கு மட்டும். அதனால் ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் 22 ரூபாய் டாக்ஸியை 7 ரூபாய் பெட்ரோலோடு ஒப்பிட்டு, கார்தான் மிச்சம் என்று மனம் சொல்கிறது. காரை வாங்கியாகிவிட்டது என்ற நிலையில் அந்த ஒப்பீடு சரியானதே. ஆகவேதான் முழுக் கணக்கையும் வாங்குவதற்கு முன்பே போட்டாக வேண்டும். பிறகு அதற்குப் பயனில்லை.

எல்லாவற்றையும் பணத்தால் அளக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் போவதைக் கண்டதுதான் ரத்தன் டாடாவை நானோ பக்கம் திருப்பியது. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1.68 லட்சம் பேரில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். பிள்ளைகளை அந்த ஆபத்திலிருந்து காப்பாற்ற நினைப்பதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கார் வந்த பிறகும் பல வீடுகளில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். நெரிசலுக்கும் நிறுத்த இடமில்லாமைக்கும் பயந்து அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் அதே பைக்கில்தான் போகிறார்கள். கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும். ஆபத்தான கிலோமீட்டர்கள் அப்படியே இருக்க, செலவு மட்டும் கூடியிருக்கிறது. பாதுகாப்புக்காக வாங்குகிறவர்கள் பைக்கில் போகும் எந்தெந்தப் பயணங்களைக் காருக்கு மாற்றப் போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால்தான் அந்தக் காரணம் நிற்கும். மெட்ரோ ரயிலோ பஸ்ஸோ போகும் வழியாக இருந்தால் அதற்கு மாறுவதும் பாதுகாப்புதான், அதுவும் மிகக் குறைந்த செலவில்.

நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால்? இந்த அச்சத்தில் வாங்கப்படும் கார்கள் நிறைய. நெஞ்சு வலிக்கு வேண்டியது ஆக்ஸிஜனும் பயிற்சி பெற்றவரும் உள்ள 108 ஆம்புலன்ஸ். பதற்றத்தில் கை நடுங்கும் மகன் ஓட்டும் கார் அல்ல. அந்தஸ்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: சம்பந்தி வீட்டார் மதிப்பதற்காக ஐந்து ஆண்டு தவணை கட்டுவது பிள்ளையின் படிப்புப் பணத்தில் கை வைப்பதாகவே பெரும்பாலும் முடிகிறது. உடைமைக்கே உரிய கவலை ஒன்றும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். வெள்ளநீர் புகுந்து இன்ஜின் கெட்டால் அதற்கெனத் தனியாகக் காப்பீடு எடுக்காதவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம் என்பதை 2015 வெள்ளம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

இதெல்லாம் மெட்ரோவும் டாக்ஸியும் கிடைக்கும் பெருநகரத்துக்கான வாதம். காலையும் மாலையும் மட்டும் பஸ் வரும் கிராமத்தில் இருப்பவருக்கு இது பொருந்தாது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர், சக்கர நாற்காலியில் இருக்கும் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய், ஊர் ஊராக அலையும் விற்பனைப் பிரதிநிதி ஆகியோர் தயங்காமல் வாங்கட்டும். தேவை உண்மையானது, ஆனால் ஓட்டம் குறைவு என்றால் நான்கைந்து ஆண்டு ஓடிய காரைப் பார்க்கலாம்; தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் ஏற்றிருப்பார். இன்னும் மனம் தெளியாதவர்கள் ஆறு மாதம் மாதாமாதம் 16,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்து, கார் இருந்தால் எங்கெல்லாம் போவார்களோ அங்கெல்லாம் டாக்ஸியில் தாராளமாகப் போய்வரட்டும். மாதக் கடைசிக்கு முன்பே அந்தப் பணம் தீர்ந்துபோகிற வீட்டுக்குக் கார் தேவைதான். மிச்சம் விழுகிற வீட்டில், என்றாவது வாங்கப்போகும் காருக்கு அதுவே முன்பணமாகச் சேர்ந்துகொண்டிருக்கும்.