தங்கும் எண்ணம்

குடியுரிமை கோரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒருவர் நேர்காணலுக்கு உட்காரும்போது கேட்கப்படும் கேள்விகள் பலவாகத் தோன்றினாலும், அவை தேடுவது பெரும்பாலும் இரண்டு செய்திகளையே: அவர் இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தாரா, இனியும் இங்கேயே இருக்க எண்ணுகிறாரா. சட்ட நூல்கள் உறைவிடம் என்று கூறும் கருத்து, அதாவது ஒருவர் தம் வாழ்வை எந்த நாட்டில் ஊன்றியிருக்கிறார் என்பதைச் சுட்டும் கருத்து, இவ்விரண்டும் சேர்ந்தே உருவாகிறது. ஆள் அங்கே இருக்க வேண்டும், நிலைத்துத் தங்கும் எண்ணமும் அவருக்கு இருக்க வேண்டும். இருந்ததை வாடகை ஒப்பந்தமும் பள்ளிச் சான்றிதழும் ஒருவாறு காட்டிவிடும். எண்ணத்தைக் காட்டும் காகிதம் எது என்பதுதான் வழக்கு மன்றங்களையும் அதைவிடக் கூடுதலாக மனிதர்களையும் நெடுங்காலமாக அலைக்கழித்து வரும் கேள்வி.

திருப்பூர் ராயபுரம் போன்ற ஒரு பகுதியில் இக்கேள்வியை வைத்துப் பார்த்தால், தங்கும் எண்ணத்தோடு வந்தவர் என்று ஒருவரைக் கண்டுபிடிப்பதே அரிதாக இருக்கும். பனியன் கம்பெனிகளையும் அவற்றிடம் வேலை வாங்கித் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் கூடங்களையும் நம்பி, லைன் வீடுகளில், அதாவது ஒரே வாசலுக்குள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் சிறு வீடுகளில் குடியேறியவர்கள், கடன் அடையும்வரை, தங்கையின் கல்யாணம் முடியும்வரை, வருகிற தீபாவளி போனஸ் வாங்கும்வரை என்றுதான் வந்தார்கள். தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்த பிள்ளை ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறான்; பிறகு பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கேற்ற கூலிக்கு, தைக்கிறான்; சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு சீட்டுப் போடுகிறான்; அவனுடைய குழந்தையைத் தெருக்கோடிப் பள்ளியில் சேர்க்கும் நாளில்கூட ஊருக்குத் திரும்பிவிடுவதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான். தங்குவது முதலில் நடந்துவிடுகிறது, எண்ணம் பின்னால் வந்து சேர்கிறது, சிலருக்கு அது வராமலே ஆயுள் முடிந்துவிடுவதும் உண்டு.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்நகரம் பாதி காலியாகிறது. வாரச் சம்பளத்தில் ஒரு பகுதி ஊருக்குப் போகிறது. பலருடைய வாக்காளர் அட்டை இன்னும் தேனிப் பக்கத்திலோ ராமநாதபுரத்திலோ இருக்கிறது. இவற்றை வைத்து இவர்கள் திருப்பூர்க்காரர்கள்தாமா என்று எந்த அதிகாரியும் ஐயுறுவதில்லை, ஐயுறச் சட்டத்தில் இடமும் இல்லை. இந்தியர் எவருக்கும் இந்தியா என்ற ஒரே உறைவிடம்தான் உண்டு, மாநிலத்துக்கு ஓர் உறைவிடம் கிடையாது என்று 1984ஆம் ஆண்டில் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரண்டு ஊர்களில் மனத்தை வைத்துக்கொண்டு வாழும் உரிமை எல்லைக்குள் பிறந்தவருக்கு இவ்வளவு இயல்பாகக் கிடைத்திருப்பதால், அது ஓர் உரிமை என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

எல்லை குறுக்கே வந்தவுடன் அதே வாழ்க்கை குற்றச்சாட்டாக மாறிவிடுவதை, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு காட்டுகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தை அல்லது பாட்டன் வழிப் பிறப்பை ஆதாரமாகக் கேட்டதால், பிறப்புப் பதிவே இல்லாத தோட்டத் தொழிலாளர் பல லட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். நாடற்றவர் என்போர் எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவர். அவர்களுக்கென 1949ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம், மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது அங்கே வசித்திருக்க வேண்டும் என்றது; பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் அது இடையறவு; மனைவியும் வயது வராத பிள்ளைகளும்கூட இலங்கையிலேயே வசித்திருக்க வேண்டும். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போவதும், பெரியவரின் காரியத்துக்குப் போய் அங்கேயே சில மாதம் தங்கிவிடுவதும் வழக்கமாக இருந்த ஒரு சமூகத்தில் இந்த விதிகள் என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. விசாரணை அதிகாரியின் முன் நின்ற தொழிலாளிக்குச் சான்றாகத் தோட்டத்துச் செக்ரோல் இருந்தது, அதாவது அன்றாட வருகையும் கூலியும் குறிக்கப்படும் பதிவேடு இருந்தது. ஆனால் அது துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், அலுவலகத்தில் இருந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன, சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது.

எஞ்சியவர்களை 1964 அக்டோபர் 30இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகவே பிரித்தது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று. 1974இல் அவர்களும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலேறியவர்களில் பலர் இந்த மண்ணை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் அடுத்த தலைமுறை, கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்கு இறங்கி வந்திருக்கிறது. சட்டப்படி இவர்கள் முழு இந்தியர்கள். ஆயினும் சாதிச் சான்றிதழ் கேட்டு அலுவலகம் சென்றால் பாட்டனின் குடும்ப அட்டை கேட்கப்படும் நிலையும், ‘சிலோன்காரர்’ என்ற அடையாளமும் மூன்றாம் தலைமுறையிலும் தீர்ந்தபாடில்லை.

1983க்குப் பின் போருக்கு அஞ்சி இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களின் நிலை வேறு. இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955, இயல்புரிமை என்ற வழியை வைத்திருக்கிறது. அயல்நாட்டவர் ஒருவர் நெடுங்காலம் வசித்துக் குடிமகன் ஆவதே இயல்புரிமை. விண்ணப்பத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதம் தொடர்ந்தும், அதற்கு முன் பதினான்கு ஆண்டுகளில் பதினோரு ஆண்டுகளும் வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும், இந்தியாவில் தங்கும் எண்ணம் இருக்க வேண்டும். மொழி அறிவுக்குச் சான்றிதழ் இரண்டு இணைக்க வேண்டும் என்பதால், தாய்ப்பால் குடித்த நாள் முதல் தமிழ் பேசிவரும் ஒருவர் தமக்குத் தமிழ் தெரியும் என்று வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் நிறைவேற்ற முடிந்தாலும் அவர் அந்த மேசை வரை போவதே கடினம். உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வரையறுத்து அவருக்கு இவ்வழியையே அடைத்தது 2003ஆம் ஆண்டுத் திருத்தம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அடைப்பைப் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தவருக்கு நீக்கியபோது இலங்கையைச் சேர்க்கவில்லை.

பிறப்பின் வழியிலும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் குடிமகன். அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமை பார்க்கப்படும். ஒரே அகதி முகாமில், ஒரே கூரையின் கீழ், 1986இல் பிறந்த அக்காள் இந்தியராகவும் 1988இல் பிறந்த தங்கை அகதியாகவும் இருப்பதற்கு இச்சட்டத்தில் தடை ஏதுமில்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பால் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் வாக்களித்தது தங்கும் எண்ணத்தை மெய்ப்பித்ததால் அன்று. ஒரு தேதிக்கு முன் பிறந்ததால். தேதி ஈவிரக்கமற்றது என்றாலும், எண்ணத்தை அளப்பதாகச் சொல்லும் விசாரணையைவிட அது நேர்மையானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எண்ணத்தைக் கேட்காமலே இச்சிக்கலைத் தீர்க்க முடியும் என்பதற்குச் சான்று இலங்கையிலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்துவரும் இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் வழிவந்தவரையும் எளிய உறுதிமொழியின் பேரில் குடிமக்களாக ஏற்றது. ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் சேர்ந்து நடமாடும் முகாம்களைத் தோட்டங்களுக்கே கொண்டுசென்றதில், பத்து நாட்களில் சுமார் 1,90,000 பேர் பதிவு பெற்றனர். போரின்போது இந்தியாவுக்கு ஓடிவந்து அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனவர்களுக்காக 2009இல் அச்சட்டம் மேலும் திருத்தப்பட்டது. இந்தியப் பக்கத்தில், 65 மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் மதுரைக் கிளை அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2025 செப்டம்பரில் வெளியான விலக்கு ஆணையோ, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. குடியுரிமையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இயல்புரிமை விண்ணப்பக் கட்டில் வாழ்ந்த வாழ்க்கைக்கு நேரே பேசும் தாள்கள் என்றால், விண்ணப்பதாரரின் நடத்தையைத் தெரிந்த இந்தியர் இருவர் எழுதித்தர வேண்டிய உறுதிமொழிப் பத்திரங்களைத்தான் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் இப்படி ஒரு பத்திரம் தேவைப்பட்டால் எழுதித்தர யார் வருவார் என்பது யோசிக்கத்தக்கது. வீட்டுக்காரர் போலீஸ் விசாரணை தன் வாசலுக்கு வருமோ என்று தயங்குவார். கம்பெனி மேனேஜர் முதலாளியைக் கேட்க வேண்டும் என்பார். இருபது ஆண்டு பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவர், அவருடைய கடனும் கோபமும் பிள்ளைகளின் படிப்பும் தெரிந்தவர், உடனே கையெழுத்துப் போட வருவார். ஆனால் அவருடைய ஆதார் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் இருப்பது பரமக்குடி முகவரி, அதை மாற்ற அவருக்கு இன்னும் மனம் வரவில்லை, ஊருக்கே போய்விடலாம் என்ற யோசனையில் இருக்கிறார்.