யாரிடம் திரும்பி வருவது?

எங்க காலனியிலிருந்து ஒரு பெண் லண்டனுக்குப் படிக்கப் போகத் தேர்வாகியிருக்கிறாள். அவளிடம் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர், வருமானச் சான்றுக்காகப் போய் நின்ற அலுவலகத்து அதிகாரி, பிறகு அவளைப் பெத்த தாய். ‘திரும்பி வந்துடுவியா?’

விண்ணப்பம் எழுத உதவிய சித்தப்பன் என்ற முறையில் மூன்று முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். வார்த்தை ஒன்றுதான், கேள்வி ஒன்றல்ல.

பேராசிரியரின் மகன் அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்டான். அவன் படித்ததும் அரசாங்கப் பணம் நடத்தும் கல்லூரியில்தான். அவனைப் பார்த்து யாரும் ‘வருவியா’ன்னு கேட்டதில்லை. அவன் போனால் முன்னேற்றம், நம்ம பிள்ளை போனால் அரசாங்கச் செலவு. அதிகாரியோ அதைப் பச்சையாகவே சொன்னார்: ‘கவருமெண்டு காசுல போறீங்க, ஞாபகம் இருக்கட்டும்.’ அவள் தலையை ஆட்டினாள். எனக்குத்தான் நாக்கு துடித்தது. கையெழுத்து ஆகணுமேன்னு அடக்கிக்கொண்டேன்.

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1913ல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. படித்து முடித்துப் பத்து வருடம் பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். அவர் திரும்பி வந்தார். 1917ல் பரோடாவுக்கே வந்தார். தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. ஒப்பந்தத்தை முறித்தது யார்? காகிதத்தைப் பார்த்தால் அம்பேத்கர். நான் ஊர்தான் முறித்தது என்பேன். திரும்பி வருவது என்பது போனவன் மட்டும் செய்கிற காரியமில்லை. இந்தப் பக்கத்தில் கதவைத் திறக்க ஒருத்தன் வேணும். கதவைச் சாத்திக்கொண்டே ‘வருவியா’ன்னு கேட்பதை என்னவென்று சொல்வது?

அவர் 1920ல் மறுபடி லண்டன் போனார். பம்பாயில் கல்லூரி ஆசிரியராக இருந்து மிச்சம் பிடித்த காசு, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் ஒருவர் தந்த கடன். தனக்குக் கிடைத்தது மற்றவனுக்கும் கிடைக்கணும் என்று 1942ல் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவிலேயே வெளிநாட்டுப் படிப்புக்குத் தனி நிதி கேட்டார். 1954-55ல் மத்திய அரசின் திட்டம் வந்தது. இப்போது அதில் வருடத்துக்கு 125 இடம், பட்டியல் சாதிகளுக்கு 115. 2011 கணக்கெடுப்பில் நாம் 20 கோடிக்கு மேல். அந்த நூற்றுச் சொச்சத்துக்கும் கஜானாவில் காசில்லை. 2025ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

காசுகூடப் பரவாயில்லை. 2022ல் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பணம் கிடையாது. 1916ல் கொலம்பியாவில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்த மாணவர் இந்த விதியின் கீழ் விண்ணப்பித்திருந்தால்? நம்ம பெண்ணுக்கு எங்க ஊர் சுடுகாட்டுப் பாதைத் தகராறுகளைப் பற்றி எழுத ஆசை. அந்த விதியைப் படித்ததும் பொதுச் சுகாதாரம் என்று மாற்றிக்கொண்டாள். நல்ல படிப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால், போ, உன் சேரியை மட்டும் கூடக் கொண்டு போகாதே என்கிறவர்கள், திரும்பி வரச்சொல்வது எந்த இடத்துக்கு?

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆத்தா கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு இந்த வாதம் எதுவும் ஆகாது. 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்தவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்பேத்கர் சொன்னாரே, அதுவும் இந்தத் தாயின் கேள்விதான். கடன் இருக்கிறது. அரசாங்கத்துக்கில்லை, சேரிக்கு. ஆனால் அதை வசூலிக்க நான் யார்? எனக்கு வேலை கிடைத்தது பக்கத்து டவுனில். இருபது கிலோமீட்டர். வீடு அங்கேதான் கட்டினேன். காலனிக்கு வருவது பொங்கலுக்கும் சாவுக்கும். வாடகைக்கு வீடு தேடின காலத்தில் ‘நீங்க எந்தத் தெரு’ன்னு கேட்டவனிடம் ஊர்ப்பேரை மட்டும் சொல்லித் தப்பித்தவன் நான். லண்டன் போகிறவளிடம் திரும்பி வா என்று சொல்ல, இருபது கிலோமீட்டரைத் தாண்டித் திரும்பாதவனுக்கு வாய் வரவில்லை.

அவளும் ஆத்தாவுக்குப் பதில் சொல்லவில்லை. வருவேன் என்று சட்டென்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உதவித்தொகை தேர்வான பிறகுதான் வரும். அதற்கு முன்னால் பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு, பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாம் கைக்காசு. அந்தக் காசு ஆத்தா மகளிர் குழுவில் வாங்கிய கடன். செவ்வாய்க்கிழமை தோறும் தவணை. பெண் போன பிறகு அதை யார் கட்டுவது என்று இன்னும் பேசி முடியவில்லை. முதல் மூன்று மாதம் நான் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.