மூன்று அடியும் ஒரு கடனும்

கரீபியன் கடலில் ஒரு தீவு. அதை இரண்டு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிகன் குடியரசு. கிழக்குப் பக்கத்தில் பொழுது விடிந்தால் வீட்டுக்கு வீடு அடுப்பில் வாழைக்காய் வேகும். பலகாரத்தின் பெயர் மங்கு.

செய்முறை ரொம்பச் சுலபம். நீங்களே செய்து பார்க்கலாம். நாலு பச்சைக் காய், நம் நேந்திரங்காய் வகையறா. தோலைச் சீவித் துண்டு போட்டு உப்புத் தண்ணீரில் வேகவிடுங்கள். முள்கரண்டியால் குத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சூட்டோடு வெண்ணெய் போட்டு மசித்து, அந்தத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைக்க வேண்டும். ஆறவிட்டால் போச்சு, கெட்டிப்பட்டுவிடும். மேலே, வினிகர் விட்டு வதக்கிய சிவப்பு வெங்காயம். பக்கத்தில் பொரித்த சீஸ், பொரித்த சலாமி, பொரித்த முட்டை. இந்தக் கூட்டணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மூன்று அடி'. காலையில் வயிற்றில் மூன்று அடி விழுந்தால் மதியம் வரை பசி தலைகாட்டாது.

சமையல் குறிப்பு முடிந்தது. இனிமேல்தான் வில்லங்கம்.

மங்கு என்ற பெயர் எப்படி வந்தது? ஒரு கதை சொல்வார்கள். 1916 முதல் 1924 வரை அமெரிக்க ராணுவம் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. யாரோ ஒரு சிப்பாய் இதை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, 'மேன், குட்!' என்றானாம். அதுவே மங்கு ஆகிவிட்டதாம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் கதையைக் கவனியுங்கள். சமைத்தவளுக்கு அதில் இடமே இல்லை. பெயர் வைக்கிற பாக்கியம் சாப்பிட்டவனுக்கு. அதுவும், துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்தவனுக்கு.

சரி, சமைத்தவள் யார்?

வாழை ஆசியாவில் பிறந்தது. ஆப்பிரிக்காவுக்குப் போய் அந்த ஊர்ப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. 1516-ல் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கேனரித் தீவுகளிலிருந்து இந்தத் தீவுக்கு அதைக் கொண்டுவந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செடிக்குத் தேதி இருக்கிறது. கொண்டுவந்தவருக்குப் பெயர் இருக்கிறது. அதே காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்கர்களைச் சங்கிலி போட்டு இறக்கினார்கள். அவர்களுக்கு வெறும் தலைக்கணக்குதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து இடித்து, 'ஃபுஃபு' என்று சாப்பிடுவார்கள். பக்கத்து கியூபாவில் மசித்த வாழைக்காய்க்கு இன்றும் அதே பெயர். போர்ட்டோ ரிகோவில் பொரித்து இடித்தால் 'மொஃபொங்கோ'. மங்கு இந்தக் குடும்பத்துப் பிள்ளை. மொழியைப் பிடுங்கினார்கள், சாமியைப் பிடுங்கினார்கள், சொந்தப் பெயரைக்கூடப் பிடுங்கினார்கள். கைப்பழக்கத்தைப் பிடுங்க முடியவில்லை.

சாப்பிடறவனுக்கு எதுக்கய்யா சரித்திரம்? நியாயமான கேள்விதான். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற அவசரத்தில் மங்கு மசிக்கும் தாயிடம் போய் ஐந்நூறு வருஷக் கணக்கைக் கேட்பது அநியாயம். அவள் மறந்தது குற்றமில்லை. தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது வேறு.

அப்படி அடம்பிடித்தவர் ட்ருஹியோ. 1930 முதல் 1961 வரை அந்த நாட்டைக் கைக்குள் வைத்திருந்த சர்வாதிகாரி. தாய்வழிப் பாட்டி ஹைட்டி வம்சாவளி. இவரோ பவுடர் அப்பி முகத்தை வெள்ளையாக்கிக்கொண்டவர். 1937 அக்டோபரில் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹைட்டிக்காரர்களைக் கொல்ல உத்தரவு போட்டார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கொத்தமல்லி மாதிரி ஒரு தழை, ஸ்பானிய மொழியில் 'பெரெஹில்'. அதைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பு பிசகியவர்களை வெட்டினார்கள் என்று சொல்வதுண்டு.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2013-ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முறையான காகிதம் இல்லாத வெளிநாட்டுப் பெற்றோருக்கு 1929-லிருந்து அங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஹைட்டி வம்சாவளியினர். கரும்பு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அடுத்த வருஷமே ஒரு சட்டம் போட்டுக் கொஞ்சம் ஒட்டுப்போட்டார்கள். எல்லோருக்கும் விடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே வந்து ஊரோடு ஒட்டிக்கொண்டால், 'அப்லாதனாதோ' என்பார்கள். வாழைக்காயாகவே ஆகிவிட்டவர் என்று அர்த்தம். அந்த வாழையே வந்தேறி!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். எனக்கு இங்கே ஒரு சிக்கல். மனசார இட்டால்தானே அது உப்பிட்டது? அடிமையாகக் கட்டிப்போட்டு வேலை வாங்கியவளுக்கு 'ரொம்ப நன்றி' என்று சொன்னால், அவள் ஏதோ அன்பளிப்புத் தந்த மாதிரி ஆகிவிடும். கொடுத்ததற்கு நன்றி சொல்லலாம். பறித்ததற்கு? அதற்குப் பெயர் கடன்.

பி.காம். முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: ஒரு பற்று எழுதினால் அதற்கு ஒரு வரவு எழுதணும், இல்லாவிட்டால் ஐந்தொகை இடிக்கும். அந்தச் சிப்பாய்க் கதையில் வரவு இருக்கிறது. ஆள்தான் தப்பு. பட்டுவாடா ஆக வேண்டிய பேர் பேரேட்டிலேயே இல்லை.

செத்தவர்களிடம் எப்படித் திருப்பித் தருவது என்பீர்கள். தர முடியாதுதான். ஆனால் கடன் கொடுத்தவர் செத்துவிட்டால் கடனும் செத்துவிடுகிறதா? வாரிசுக்குப் போகிறது. அந்த மாதிரிக் கப்பல்களில் வந்தவர்களின் வாரிசுகள்தான் இன்றைக்கு எல்லை தாண்டி வந்து அதே கரும்பை வெட்டுகிறார்கள். அவர்கள் குழந்தைக்கு, 'நீ இந்த மண்ணில் பிறந்தாய்' என்று ஒரு காகிதம் தருவது தர்மம் இல்லை. பாக்கியில் ஒரு தவணை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மங்கு செய்து பாருங்கள். வினிகர் வெங்காயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 'இது எந்த ஊர்ச் சாப்பாடு?' என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால், முழு விலாசத்தையும் சொல்லுங்கள். சிப்பாயை மட்டும் விட்டுவிடலாம்.