சோதனைக்கு வரவேண்டியவர் யார்?

அங்கவீனர்களுக்கு உதவித் தொகை அளிப்பது சர்க்காரின் கடமை என்பதை இன்று எவரும் வெளிப்படையாய் மறுப்பதில்லை. எல்லாம் முன்வினைப் பயன் என்று சொல்லிக் கை கழுவும் வைதிகர்கூட இவ்விஷயத்தில் வாய் திறப்பதில்லை. ஆனால் அத்தொகைக்கு உரியவர்தாமா என்று பார்த்தறியும் சோதனைக்கு, நடக்கமாட்டாதவர் போக வேண்டுமா, சோதிப்பவர் அவரிடம் வரவேண்டுமா என்று கேட்டால், "இதுவும் ஒரு கேள்வியா?" என்கிறார்கள். கேள்விதான், அற்பக் கேள்வியும் அன்று.

பிரிட்டனில், வேலை செய்யும் வயதிலுள்ள அங்கவீனர்களுக்கு 2013-ஆம் ஆண்டு முதல் 'பிப்' என்று சுருக்கமாய் வழங்கும் உதவித் தொகை இருந்து வருகிறது. நடையை மட்டும் கொண்டு அதன் உயர்ந்த தொகையைப் பெறவேண்டுமாயின், 20 மீட்டருக்கு மேல் நடக்க இயலாதவராய் இருத்தல் வேண்டும். அப்படிப்பட்டவருக்கும், இன்ன நாள் இன்ன மணிக்கு இன்ன கட்டடத்துக்கு வருக என்று கடிதம் போவதுண்டு. தக்க காரணமின்றி வராவிடில் விண்ணப்பம் தள்ளப்படும். வந்துவிட்டாலோ, வாசலிலிருந்து நாற்காலிவரை அவர் எவ்வாறு நடந்தார் என்பதையும் சோதிப்பவர் குறித்துக்கொள்ளலாம். வராதவன் விதியை மீறியவன், வந்தவன் வரக்கூடியவன்! இவ்விரண்டுக்கும் நடுவே உண்மையான நோயாளி நிற்க இடம் எங்கே?

அந்நாட்டு விதிகளில் கருணையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஒரு செயலை ஆபத்தின்றியும், வேண்டியபோதெல்லாம் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று கொள்ளவேண்டுமென விதியே கூறுகிறது. பிரயாணச் செலவும் கேட்டுப் பெறலாம். டாக்ஸிக்கு மட்டும் முன்னனுமதி வேண்டும். எனினும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள் வந்துபோனவர் அடுத்த மூன்று நாளும் படுக்கையில் கிடந்தால், அந்த மூன்று நாளைச் சோதனை அறையில் இருந்தவர் கண்டாரா? 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது நேர்முகச் சோதனைகள் நிறுத்தப்பட்டு, டெலிபோன் மூலமே விசாரணை நடந்தது. எல்லோர் உயிருக்கும் அச்சம் வந்தபோது எளிதாய்ப்போன ஒன்று, அங்கவீனர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஏன் அவ்வளவு அருமையாயிருந்தது?

நேரில் பார்த்தாலன்றிப் பொய்யரைப் பிடிக்க முடியாது என்பது எதிர்வாதம். பொய்யரைப் பிடிக்க வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பொய்யனுக்குக் கால் திடமாயிருக்கிறது; எவ்வளவு தூரமானாலும் அவன் குறித்த மணிக்கு வந்து சேருவான். பாதி வழியில் நின்றுவிடுபவன் மெய்யாகவே முடியாதவன். பதரைப் புடைத்துத் தள்ளவேண்டிய முறம் நெல்லையல்லவா தள்ளுகிறது!

நம் நாட்டுக்கு வருவோம். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ 1971 முதல் நடைபெறுகிறது. இயலாமைக்கான உபகாரச் சம்பளம் கோருபவர், தம்மையொத்த நல்ல உடலுடைய தொழிலாளி வழக்கமாய்ச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கும் இனிச் சம்பாதிக்க இயலாதவர் என்று வைத்தியர் சபை ஒப்பவேண்டும். நம் தோட்டத்தார் அச்சபைக்குப் போவதென்றால் பட்டணத்துக்குத்தான் போகவேண்டும். லயத்திலிருந்து சாலைவரை ஒருவர் தூக்கிவர வேண்டும். செம்பனை லாரிகள் ஓடிப் பள்ளமாகிப்போன செம்மண் சாலையில், முதுகு நிமிராதவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்படி உட்காரவைப்பது? ஆகவே வாடகைக் கார், அதற்குக் கடன். கூடப்போகும் மகனுக்கு அன்றைய சம்பளமும் இல்லை. பாரங்களை நிரப்பிக் கொடுக்கும் கிராணிமாராகிய நாம் முகவரியைச் சரியாகத்தான் எழுதுகிறோம். அம்முகவரியிலிருந்து பட்டணம்வரை கிடக்கும் வழியை யார் எழுதுவது?

2008-ஆம் ஆண்டில் வந்த அங்கவீனர் சட்டம், பொதுக் கட்டடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்கிறது. மீறுவோருக்குத் தண்டனை என்ன என்பதை மட்டும் அது கூறவில்லை. தோட்டத்துக்குள் பஸ்ஸே வராதபோது, பஸ்ஸில் ஏறும் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு சங்கதி.

இதைத் தருமமாக நினைப்பவர்கள், வாங்குகிறவன்தானே வாசலுக்கு வரவேண்டும் என்பார்கள். இது தருமமன்று, மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணம். பிடிக்கும்போது தோட்டத்துக்கே வந்து பிடித்தார்கள். கொடுக்கும்போதும் அவ்வாறே வரட்டும். குறிப்பிட்ட நாட்களில் வைத்தியர் ஒருவர் அண்மையிலுள்ள சர்க்கார் கிளினிக்குக்கு வந்து, பல தோட்டத்தாரையும் ஒருசேரப் பார்க்கலாம். படுக்கையில் கிடப்பவரை அங்கேயே போய்ப் பார்க்கலாம். வாக்குக் கேட்க வரும் மோட்டார்கள் இதே செம்மண் சாலையில்தான் லயத்து வாசல்வரை வந்து நிற்கின்றன.